கட்டங்களுக்கு நடுவே ஒரு தெரு



நினைவுச் சொற்பொழிவில் கிராஃபிக் நாவலா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தலித் இலக்கியம் என்றதும் தன்வரலாறு, கவிதை, சிறுகதை என்று சொல்லிப் பழகிவிட்டோம். படம் போட்ட கதை பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கியும் விட்டோம். ஆனால் நாற்பதைத் தாண்டிய எங்களில் பலருக்கு வாசிக்கும் ருசியைக் காட்டியது பாடநூல் அல்ல. முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரே ஓர் இரும்புக்கை மாயாவியை அட்டை கிழியும்வரை தெருவே படித்தது. அந்தப் புத்தகங்களில் எங்கெங்கோ உள்ள ஊர்கள் இருந்தன. எங்கள் தெரு மட்டும் இல்லை.

தெருவைக் காகிதத்தில் கொண்டுவர முடியும் என்ற துணிச்சலைத் தந்தது, 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயனா'. அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். 1901இல் சிறுவன் பீமாராவ் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போகிறான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகள் மகார்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதிக்கிறார். பிள்ளைகளே மாட்டை ஓட்ட, அவர் கூடவே நடந்து வருகிறார். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதை நாம் பலமுறை படித்திருக்கிறோம். வியாம் தம்பதியின் கையில் அது வேறாகிறது. அவர்கள் கதையைச் சதுரக் கட்டங்களுக்குள் அடைக்கவில்லை. திக்னா என்னும் கோண்டுக் கோலங்களின் வளைவுகளே பக்கத்தைப் பிரிக்கின்றன. மென்மையான பேச்சு பறவை வடிவக் குமிழிலும், சாதித்திமிரின் பேச்சு தேள் கொடுக்கு வைத்த குமிழிலும் வருகிறது. எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் எந்தச் சொல் கொட்டும் என்று விளங்கிவிடும்.

படக்கதை இயக்கத்துக்கு உதவுமா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி 1957இல் ஒரு சிறு காமிக்ஸ் வந்தது. அறவழியில் எப்படிப் போராடுவது என்று கறுப்பின இளைஞர்களுக்குச் சொன்ன கைப்புத்தகம் அது. அதைப் படித்த ஜான் லூயிஸ், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு, தன் போராட்ட வாழ்க்கையை 'மார்ச்' என்ற மூன்று பாக கிராஃபிக் நாவலாகவே கொண்டுவந்தார்.

இனி எங்கள் முயற்சிக்கு வருகிறோம். நான்கு ஏ4 தாள்களை மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்தால் புத்தகம். இதற்குமேல் செலவழிக்கக் கையில் காசில்லை. கதை, ஒரு பெரியவர் சொன்னது. வேலைக்குப் போகும் வழியில் ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போகவேண்டும். பெல் அடிக்கக் கூடாது.

எழுத்தில் இது இரண்டு வாக்கியம். வரைய உட்கார்ந்தபோதுதான் அந்தத் தெருவின் நீளம் புரிந்தது. ஒரே தெரு, ஒரே சைக்கிள், ஆறு கட்டம். முதல் கட்டத்தில் ஏறி வருகிறார். கடைசிக் கட்டத்தில் மறுபடி ஏறுகிறார். நடுவில் உள்ள நான்கிலும் பேச்சுக் குமிழ் கிடையாது. திண்ணைகளும் சக்கரமும் வெறுங்காலும்தான். சாதி, இடத்தைப் பங்குபோட்டு நிற்கும் ஏற்பாடு என்று சமூகவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். பக்கத்தைப் பங்குபோடுவதுதான் சித்திரக்கதையின் வேலையும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளியில் அவர் எத்தனை அடி நடந்தார் என்பதை வாசகர்தான் நடந்து பார்க்கவேண்டும்.

தொழில்நுட்பம் என்று நினைத்த இடத்தில் அரசியல் எதிர்ப்பட்டது. கறுப்பு மையில் வரையும்போது நிழல் போடாமல் விட்ட முகம் தாளின் வெள்ளையிலேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் சிவப்பாகிவிடுகிறார்கள். நல்லவருக்கு வெளிர்நிறம், அரக்கனுக்குக் கருநிறம் என்று பார்த்துப் பழகிய நாட்டில் இதைச் சும்மா விட முடியாது. ஒவ்வொரு முகத்துக்கும் கோடு கோடாக நிழல் இட்டோம். கை வலிக்கும் வேலை. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. வசனத்தைப் பெரியவர் பேசியபடியே வைத்தோம். 'இறங்கிச் செல்ல வேண்டும்' என்று எழுதினால் குமிழ் பிதுங்குகிறது. 'எறங்குடா' என்பதற்கு இடம் போதும், அதன் விஷமும் குறையாது.

அடி விழுவதைக் காட்டுவதா என்று நீண்ட விவாதம் நடந்தது. ஒருநாள் இறங்காமல் போனதற்காக அவர் அடிபட்டிருக்கிறார். அடிபடும் தலித் உடலைப் பத்திரிகைகளும் சினிமாவும் வேண்டிய மட்டும் காட்டிவிட்டன, நாமும் ஏன் வரையவேண்டும் என்றார்கள் எங்கள் தோழியர். வரையாவிட்டால் நடக்கவில்லை என்பார்கள் என்றார்கள் மற்றவர்கள். வளைந்த ஹேண்டில்பாரையும் தெருவில் கிடக்கும் தூக்குவாளியையும் மட்டும் வரைந்திருக்கிறோம். எங்களில் சிலருக்கு இன்னும் அது போதவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் முகம். பெரியவர் அதே ஊரில்தான் இருக்கிறார். எழுத்தில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார். படத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். புத்தகம் அந்தத் தெருவுக்கும் போகும், பேரப்பிள்ளைகள் அங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். அதனால் எல்லாக் கட்டங்களிலும் முதுகுப்பக்கமாகவே வரைந்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மெதுவாகப் புரட்டினார். "அந்தத் தெருவுல அத்தன வருசம் தலையத் தொங்கப்போட்டுத்தான் போனேன். பொஸ்தவத்துலயும் மூஞ்சி இல்லையா, தம்பி?" என்று கேட்டார்.

ஆபத்தை எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார், ஆனால் ஒப்பவில்லை. அவர் மகள் வேண்டவே வேண்டாம் என்கிறார். கதை அவருடையது, விளைவு வீட்டில் எல்லோருக்கும். வரையும் கை எங்களுடையது என்பதால் முடிவும் எங்களுடையது ஆகிவிடாது. அப்பாவும் மகளும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

பதினைந்து பக்கங்களின் படிகள் அரங்கின் பின்பக்க மேசையில் இருக்கின்றன. அவர் மறுபடி சைக்கிளில் ஏறும் பதினோராம் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. படிகளை எடுத்துச் செல்லுங்கள். வரையத் தெரிந்த மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், பேசவேண்டும்.