மலை ஏறிய மக்கள்



சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது என் ஊராகிய சுருளிப்பட்டி. ஊரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இறங்கியது முதல் இப்பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் குறைவில்லை. “இத்தகைய ஊரை விட்டுமா பிழைப்புத் தேடிப் போகிறார்கள்?” என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னை வினவினார். பஞ்சம் ஒன்றே மக்களைப் பெயர்க்கும் என்பது அவர் எண்ணம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அது மெய்யாயிருந்தது.

விடை கூறாமல், மறுநாள் விடியுமுன் அவரைக் கம்பத்துக்கு அழைத்துச் சென்றேன். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தனர். எங்கள் தெருவைச் சேர்ந்த அம்மையார் ஒருவரும் அவர்களிடையே இருந்தார்.

“ஊரில் வேலை இல்லையா, அம்மா?” என்றார் நண்பர்.

“இருக்கிறது ஐயா, வருடம் முழுவதும் இல்லை. தோட்டமும் எங்களுடையதன்று. மேலே கூலி கூடுதல். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும்.”

நீர் இருந்தால் போதாது; நீர் பாயும் நிலம் யாருடையது என்பதும் கேள்வியே. இதனை நண்பர் அன்றுதான் உணர்ந்தார்.

ஆனால் வறியவர் எல்லோரும் புறப்பட்டு விடுவதில்லை. முன்னே போனவர் ஒருவர் அழைக்கவேண்டும். என் பாட்டியின் தமையனார் போடி வழியாக மூணாறு மலைக்குச் சென்றது, உறவினராகிய கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்ததால்தான். அக்கடன் தீரும்வரை இறங்க இயலவில்லை. தீர்ந்தபோது பிள்ளைகள் அங்கேயே வளர்ந்துவிட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்கு நம்மவர் சென்றதும் பெரும்பாலும் கங்காணியின் பின்னேதான். தொலைவிலுள்ள மெக்சிக்கோவிலும், 1942 முதல் 1964 வரை ஒப்பந்தத்தின்பேரில் அமெரிக்க வயல்களுக்குச் சென்றவர்களின் தடத்தைப் பற்றியே அவர்தம் ஊரார் பின்னும் சென்றனர்.

தமிழகத்தோடு சேரவேண்டும் என்று தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1-இல் கேரளத்திலேயே நின்றன. தமையனாருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லையாம். மலை அதே மலைதானே!

தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர், ஓய்வு பெற்றதும் வீட்டை ஒழித்துக் கொடுக்கவேண்டும். அவ்வாறு இறங்கி வந்த அவருடைய பேரன் சென்ற ஆண்டு என் வீட்டில் சில நாள் தங்கி, சுருளிப்பட்டியில் வீட்டுமனை விசாரித்தார். விலையைக் கேட்டபின் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை மூணாற்றுப் பேருந்துக்கு நேரம் கேட்டார்.