இழையின் இழுவை



வானொலியிலே கரும்பலகை கிடையாது. ஆகவே கையருகே தாளும் பென்சிலும் இருக்குமாயின் எடுத்துக்கொள்ளுங்கள். க. பொ. த. உயர்தர வகுப்பிற் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ பயிலும் மாணவர் பலர் புள்ளிகளை வீணே இழக்கும் ஓரிடத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

கிடையான மேசைமீது 3 கிலோகிராம் திணிவுள்ள மரக்கட்டை இருக்கின்றது. அதிற் கட்டிய இலேசான, நீளாத இழையொன்று மேசை விளிம்பிலுள்ள ஒப்பமான கப்பியின் மேலாகச் சென்று கீழே தொங்குகின்றது. அதன் நுனியில் 2 கிலோகிராம் படிக்கல். கட்டைக்கும் மேசைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் மூன்றிலொன்று. புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணக்கின் இலகு நோக்கி 10 எனக் கொள்வோம். பிடித்திருந்த கட்டையை விட்டதும் இழையின் இழுவை யாது?

"20 நியூற்றன்" என்று பலர் சட்டென எழுதிவிடுவர். கல்லின் நிறை 20 நியூற்றன். அதைத் தாங்குவது இழை. ஆகவே இழுவையும் அதுவே என்பது அவர் எண்ணம். கல் அசையாது தொங்குங்கால் அது முற்றும் சரியே. ஆனால், இறங்கும் கல்லை அதன் முழு நிறைக்கும் ஈடாக இழை மேலே இழுக்குமாயின், அக்கல்லின் வேகம் எங்ஙனம் கூடும்? கூடுகின்றதெனின் இழுவை நிறையிலும் குறைவாயிருத்தல் வேண்டும். இந்த ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டிருந்தாற் பேனா அங்கேயே நின்றிருக்கும்.

இனிக் கணக்கைச் செய்வோம். மேசை கட்டையைத் தாங்கும் செவ்வன் மறுதாக்கம் 30 நியூற்றன். அதன் மூன்றிலொன்றான 10 நியூற்றனே உராய்வின் எல்லை. கல்லின் நிறை அதனைக் கடந்தமையால் தொகுதி அசைகின்றது. எஞ்சிய 10 நியூற்றன் 5 கிலோகிராமை இயக்க, ஆர்முடுகல் 2 ஆகின்றது. இப்போது கல்லை மட்டும் தனியே பாருங்கள்: 20 இலிருந்து இழுவையைக் கழித்தால் வருவது 2 இன் 2 மடங்கு, அதாவது 4. இழுவை 16 நியூற்றன். கட்டையைத் தனியே பார்த்தாலும் 10 உடன் 6 சேர்ந்து அதே 16 வரும். வாராவிடின் எங்கோ பிழை.

நாம் எடுத்த மூன்றிலொன்றுக்கு ஒரு பழங்கதை உண்டு. 1699 ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர் அமொந்தோன், உராய்வு தொடும் பரப்பின் அளவைச் சாராது, அழுத்தும் பாரத்தைச் சார்ந்தது என்று அறிவித்தார். அது பாரத்தின் ஏறத்தாழ மூன்றிலொன்று என்றும் கருதினார். எல்லாப் பொருளுக்கும் ஒரே குணகம் என்பது நிலைக்கவில்லை. ஏனையவற்றைக் கூலோம் 1785 இல் வெளியிட்ட ஆய்வு உறுதிப்படுத்திற்று.

இன்னொரு பொறியும் உண்டு. படிக்கல்லை 0.8 கிலோகிராமாக மாற்றுங்கள். நிறை 8 நியூற்றன், கட்டை அசையாது. அப்போது உராய்வு எவ்வளவு? 10 என்று எழுதினால், கட்டை கல்லுக்கு எதிர்ப்புறமாகத் தானே ஓட வேண்டிவரும்! உராய்வு தேவைக்கு மேல் எதிர்ப்பதில்லை. அது 8, இழுவையும் 8. பத்து என்பது எல்லை மாத்திரமே.

ஓரிழை முழுவதும் ஒரே இழுவை என்று கற்றவர், அதனைப் பல இணைப்புகளுக்கும் நீட்டிவிடுவதுண்டு. புகையிரத எஞ்சின் ஒன்று ஒத்த மூன்று பெட்டிகளை இழுத்துச் செல்கின்றதெனக் கொள்ளுங்கள். தடையும் ஒவ்வொன்றுக்கும் சமம். கடைசி இணைப்பு ஒரு பெட்டியையே இழுக்கின்றது. நடு இணைப்பு இரண்டை இழுக்கின்றது. எஞ்சினை அடுத்த இணைப்போ மூன்றையும் இழுக்க வேண்டியிருத்தலின், அதன் இழுவை கடைசி இணைப்பினதிலும் மூன்று மடங்கு.