மனை விற்பனையும் மறைந்திருக்கும் கேடும்

வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மனை வாங்கும் குடும்பம் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஆராய்கிறது. மண்ணிலும் நீரிலும் கலந்துள்ள நஞ்சை இவ்விரண்டும் காட்டுவதில்லை.

போபாலில் 1984-ஆம் ஆண்டு நச்சுவாயு கசிந்த ஆலையின் கழிவுகள், அருகிலிருந்த குடியிருப்புகளின் நிலத்தடி நீரையும் கெடுத்தன. அம்மக்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட வேண்டியதாயிற்று.

இத்தகைய கேட்டை அறிந்தே விற்பவரைச் சட்டம் மன்னிப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, தாம் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். மறைப்பது மோசடியெனக் கருதப்படும். 2016-ஆம் ஆண்டின் கட்டட, மனை விற்பனை முறைப்படுத்தும் சட்டம், கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டுகள் வரை கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது.

ஆயினும் ‘அறியேன்’ என்பவரிடம் பழைய சட்டம் வலுவிழக்கிறது; அவர் அறிந்திருந்தார் என்பதை மெய்ப்பித்தல் எளிதன்று. ஆதலின் வாங்குபவரின் கேள்வியே முதற்காப்பு. நிலம் முன்னர் ஏரியா, ஆலையா, குப்பைக் கிடங்கா? இதனை எழுத்தில் கேட்பதும், விடையைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்ப்பதும், கிணற்று நீரைச் சோதிப்பதும் முன்பணம் கொடுப்பதற்கு முன் முடியவேண்டிய பணிகளாகும்.