மோர்கம் ஊருக்குக் கிடைத்த 5 கோடி பவுண்டு

இங்கிலாந்தின் வடமேற்கில் மோர்கம் என்றொரு கடலோர ஊர். குட்டி இறாலை வேகவைத்து, ஜாதிபத்திரி சேர்த்த வெண்ணெயில் அமுக்கி, சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். அதுதான் அந்த ஊர்ப் பலகாரம். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறி விடுமுறைக்கு அங்கே வந்து குவிந்தார்கள். பிறகு ஸ்பெயினுக்கு மலிவு விமானம் வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கடலுக்குள் நீண்டிருந்த இரண்டு உல்லாசப் பாலங்களில் ஒன்றை 1977 புயல் சிதைத்தது. மற்றொன்றை 1992-இல் இடித்தார்கள்.

ஊரை நிர்வகிக்கும் லங்காஸ்டர் நகர மன்றம் சும்மா இருக்கவில்லை. கார்ன்வாலில் பிரம்மாண்டமான கூடாரத் தோட்டங்களை அமைத்த ஈடன் நிறுவனத்தோடு சேர்ந்து, கடற்கரையிலேயே அப்படி ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. அரசிடம் நிதி கேட்டது. 2023 ஜனவரியில் 5 கோடி பவுண்டு கிடைத்தது.

ஊர்கள் போட்டியிட்டு அரசு நிதி கேட்ட அந்தச் சுற்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின, தேறியவை 111. மனு தயாரிக்க ஆளும் பணமும் வேண்டும். அவை இல்லாத சிற்றூர்கள் என்ன செய்யும்? நலிந்த ஊர்களைப் பரீட்சை எழுதவைத்துப் பணம் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் மோர்கம் திட்டத்தில் ஒன்று பிடித்திருக்கிறது. கூரைக்குக் கீழே அமைவதால், மழையிலும் குளிரிலும் ஆட்கள் வருவார்கள். கோடை முடிந்ததும் வேலை போய்விடாது.