மாதத்தின் முதல் வியாழக்கிழமை

(சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

அரபியில் எனக்கு ஒரு வார்த்தை கூடத் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு ஓர் அரபிப் பாடகியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வங்கியில் வெளிநாட்டு வாழ் இந்தியர் கணக்குப் பிரிவில் இருந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு வாடிக்கையாளர் கொடுத்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். பாடகியின் பெயர் உம்மு குல்தூம். நபிகள் நாயகத்தின் மகள் ஒருவரின் பெயரை வைத்தார்கள்.

எகிப்தில், நைல் ஆற்றின் டெல்டா பகுதியில் ஒரு சிறிய கிராமத்தில் பிறந்தவர். பிறந்த வருடம் 1898 என்றும் 1904 என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். அப்பா பள்ளிவாசல் இமாம். வருமானம் போதாமல் கல்யாண வீடுகளில் பக்திப் பாட்டும் பாடுவார். மகளின் குரலைக் கேட்டவர் அவளையும் கூட்டிப் போனார், ஆனால் பையன் வேஷத்தில். பெண் பிள்ளை சபையில் பாடினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றதால்தான் அவர் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் என்கிறார்கள்.

1920களின் தொடக்கத்தில் குடும்பம் கெய்ரோவுக்கு வந்தது. அங்கே கவிஞர் அஹ்மத் ராமி அவருக்குக் கவிதை கற்றுக் கொடுத்தார், நூற்றுக்கும் மேல் பாட்டு எழுதினார். உமர் கய்யாம் பாடல்களைப் பாரசீகத்திலிருந்து அரபியில் தந்தவரும் இந்த ராமிதான். அதையும் உம்மு குல்தூம் பாடியிருக்கிறார். நமக்கு அதே கய்யாமைக் கவிமணி தந்தார், அவர் ஆங்கில வழியாக.

1934-இல் எகிப்து வானொலி தொடங்கியது. பிறகு மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் கச்சேரி நேரடி ஒலிபரப்பு. அந்த நேரத்தில் அரபு நாட்டுத் தெருக்கள் காலியாகிவிடுமாம். ஒரு பாட்டே ஒரு மணி நேரம் போகும். ஜனங்கள் கேட்கக் கேட்க ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடுவார். நம் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பணத்தில் கறார். இசையமைப்பாளர் ஜகரியா அஹ்மத் தன் பாட்டுக்கான பணம் கேட்டு வழக்குப் போட, வருடக்கணக்கில் இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை. 1960-இல்தான் சமாதானம் ஆனது. கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒப்பந்தத்தைத் தானே பேசி முடிக்கும் பெண் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

மன்னர் ஃபாரூக் அவருக்கு விருது கொடுத்திருந்தார். 1952-இல் ராணுவப் புரட்சி. மன்னருக்குப் பாடியவர் என்று வானொலியில் அவர் பாட்டை நிறுத்தினார்கள். நாசர் தலையிட்டுத் திரும்ப ஒலிபரப்பச் செய்தார். பிறகு நாசரின் ஆட்சிக்கும் பாடினார். யார் நாற்காலியில் இருந்தாலும் பாடுவார் என்று குறை சொல்லலாம். சொன்னார்கள். 1967 போரில் எகிப்து தோற்றபோது, இந்த நீண்ட பாட்டுகள்தான் ஜனங்களை மயக்கிப் போட்டன என்று கூடப் பேச்சு எழுந்தது.

அதற்கு அவர் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அறுபதை ஒட்டிய வயது, கண்ணில் கோளாறு, அதனால்தான் எப்போதும் கறுப்புக் கண்ணாடி. அந்த நிலையில் பாரிஸ், துனீசியா, மொராக்கோ, குவைத், சூடான் என்று போய்ப் பாடி, வந்த பணத்தை நாட்டுக்குக் கொடுத்தார். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த சமயம் அது. அன்னியச் செலாவணி எவ்வளவு அவசியம் என்று வங்கியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். குறை சொன்னவர்களை விட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புகிறேன்.

1975 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். இறுதி ஊர்வலத்தில் கூட்டம் பெட்டியைச் சுமந்தவர்களின் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் தெருத் தெருவாகத் தூக்கிப் போனது.

இப்போது 1964-இல் அப்துல் வஹாப் இசையமைத்த 'என்த உம்ரி' பாட்டைப் போடுகிறேன். நீயே என் வாழ்வு என்று அர்த்தம். எலெக்ட்ரிக் கிடாரும் அதில் உண்டு. முதல் பல நிமிடம் வாத்தியம் மட்டும்தான், அதற்குள் காபி வாங்காதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.