கம்பி விழுந்தா கரண்ட் தானா நிக்குமா?

காத்து மழை அடிச்ச மறுநாள் எங்க செட்டியார்பட்டி பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் ஒரு பேச்சு காதுல விழும். "கம்பி அறுந்து விழுந்தா சப்-ஸ்டேஷன்ல தானா ட்ரிப் ஆயிடும்ல?" பக்கத்துல இருக்கிறவர், "ஆமாப்பா, இப்பல்லாம் எல்லாம் ஆட்டோமேட்டிக்"னு சொல்லிட்டு வடையை எடுப்பாரு.

சரியான பதில் என்னன்னா, ட்ரிப் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அந்த "ஆகாமலும் போகலாம்" ஏன்னு புரிஞ்சுக்கத்தான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த ஆட்டோமேட்டிக் சமாச்சாரம் என்னன்னு பார்ப்போம். சப்-ஸ்டேஷன்ல இருந்து ஊருக்கு வர்ற 11 கிலோவோல்ட் லைனை ஃபீடர்னு சொல்லுவோம். அதை ஆன் ஆஃப் பண்றது பிரேக்கர். எப்போ ஆஃப் பண்ணணும்னு முடிவு எடுக்கிறது ரிலே. பிரேக்கர் கை, ரிலே மூளைன்னு வெச்சுக்கலாம். ஆனா அந்த மூளைக்குக் கண் கிடையாது. ரோட்டுல கம்பி கிடக்கிறதோ, அதுக்குப் பக்கத்துல ஆடு மேய்க்கிறவர் நிக்கிறதோ அதுக்குத் தெரியாது. சிடின்னு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். லைன்ல எத்தனை ஆம்பியர் ஓடுதுன்னு அது சொல்ற எண்ணை வெச்சுத்தான் ரிலே எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

அது கேக்குற முதல் கேள்வி, "எவ்வளவு போகுது?" ஒரு அளவைத் தாண்டினா ட்ரிப். தாண்டின உடனேயும் இல்ல, கணக்குப் போட்டு காத்திருந்துதான் ட்ரிப் பண்ணும். பரவலா பயன்படுற ஒரு வளைவுல, டைம் டயல் 1-ல இருந்தா, செட்டிங்கை விட 2 மடங்கு கரண்டுக்கு சுமார் 10 விநாடி. 10 மடங்குக்கு சுமார் 3 விநாடி. நடைமுறையில டயலைக் குறைச்சு வைக்கிறதால இதை விட சீக்கிரமே விழும். ஏன் இந்தக் காத்திருப்பு? பழுதுக்குப் பக்கத்துல இருக்கிற பாதுகாப்பு முதல்ல வேலை செய்யணும். ஒரு தையல் யூனிட்ல ஷார்ட் ஆனதுக்கு தளவாய்புரம், முகவூர் எல்லாம் சேர்ந்து இருட்டுல உட்காரக் கூடாது இல்லையா?

ரெண்டாவது கேள்வி, "போனது திரும்புச்சா?" மூணு ஃபேஸ் கரண்டையும் கூட்டினா, எல்லாம் நல்லா இருக்கும்போது பூஜ்யம் வரணும். வரலைன்னா எங்கேயோ மண்ணுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். இதுக்குப் பேரு எர்த் ஃபால்ட் ரிலே. கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. சிக்கல் அதோட அளவுகோல்ல இருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். 11 கிலோவோல்ட் லைன்ல ஒரு கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவுல சுமார் 6,350 வோல்ட். கம்பி காஞ்ச மண்ணுல விழுது. தொடுற இடத்துல ரெசிஸ்டன்ஸ் 600 ஓம்னு வைங்க. போற கரண்ட் 10 ஆம்பியர் சொச்சம்தான். ரிலே செட்டிங் உதாரணத்துக்கு 40 ஆம்பியர்னா, ரிலேவைப் பொறுத்தவரைக்கும் ஊருல ஒண்ணுமே நடக்கல. கம்பி ரோட்டுல உயிரோட கிடக்கு, தெருவுல லைட்டும் எரியலாம். காஞ்ச மணல், தார் ரோடு, ஜல்லி மேல விழுந்தா கரண்ட் இன்னும் கம்மி. அதாவது ரிலேவுக்குப் பிரச்சினை எவ்வளவு சின்னதா தெரியுதோ, அவ்வளவு நேரம் ஆபத்து அங்கேயே கிடக்கும்.

வீதியில ஓடுற 230 வோல்ட் லைன் இன்னும் மோசம். அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ல பெரும்பாலும் ஃபியூஸ்தான் காவல். மண்ணோட ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் இருந்தாக்கூட போறது 5 ஆம்பியருக்குள்ள. ஒரு தெரு லோடையே தாங்குற ஃபியூஸ் அதுக்கு எப்படிப் போகும்?

"அப்போ செட்டிங்கை 2 ஆம்பியர்னு வெச்சா என்ன?"ன்னு கேப்பீங்க. வைக்கலாம். ஆனா மூணு சிடியும் அச்சு அசலா ஒரே மாதிரி அளக்காது. சப்ளை வந்த உடனே டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஒரு கணம் அள்ளிக் குடிக்கும். அந்த நேரத்துல இல்லாத வித்தியாசம் இருக்கிற மாதிரி தெரியும். ஃபீடரைப் போடப் போட விழும். தேவையில்லாம வெட்டுறதும் தப்பு, வெட்ட வேண்டிய நேரத்துல சும்மா இருக்கிறதும் தப்பு. ஒரு தப்பைக் குறைச்சா இன்னொண்ணு கூடும். செட்டிங்கறது இந்த ரெண்டு தப்புக்கும் நடுவுல ஒரு மனுஷன் எடுக்கிற முடிவு.

தேவையில்லாம வெட்டினா என்ன ஆகும்கிறதுக்கு நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு. 2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்துல பீனா - குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆச்சு. அந்த லைன்ல கம்பி அறுந்திருந்துச்சான்னா, இல்ல. பழுதே இல்ல. லோடு மட்டும் எக்கச்சக்கம். அங்க இருந்தது டிஸ்டன்ஸ் ரிலே. வோல்டேஜை கரண்டால வகுத்து, பழுது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போடும். கரண்ட் ஏறி வோல்டேஜ் இறங்கினதால, வெறும் லோடே அதுக்கு எங்கேயோ தூரத்துல இருக்கிற பழுது மாதிரி தெரிஞ்சுது. வெட்டிடுச்சு. அந்த லோடு மத்த லைன்ல ஏற, அதுவும் விழ, வட இந்தியாவே இருட்டாச்சு. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணு கிரிட்டும் சேர்ந்து விழுந்துச்சு. ரிலே மேல மட்டும் பழி போட முடியாது. பல லைன்கள் ஏற்கெனவே சேவையில இல்ல, மாநிலங்கள் அளவுக்கு மேல இழுத்துக்கிட்டு இருந்தாங்க. ரிலே தனக்குக் கொடுத்த செட்டிங்படிதான் நடந்துச்சு.

அன்னிக்குத் தெற்கு தப்பிச்சுது. அப்போ தெற்கு கிரிட் மத்ததோட நேரடியா இணையல. நடுவுல டிசி இணைப்புதான் இருந்துச்சு, அதனால அந்த ஆட்டம் இங்க வரல. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் மூலமா நாமளும் சேர்ந்துட்டோம். இப்போ எல்லாரும் ஒரே படகு.

சரி, ரெண்டு தப்பையும் குறைக்க வழியே இல்லையான்னா, கேபிள்ல இருக்கு. 1904-லயே இங்கிலாந்துல சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ்னு ரெண்டு இன்ஜினியர்கள் ஒரு முறை கொண்டு வந்தாங்க. கேபிளோட ரெண்டு முனையிலயும் அளந்து, உள்ள போனதும் வெளிய வந்ததும் சமமான்னு மட்டும் பாரு. லோடு எவ்வளவு ஏறினாலும் கவலை இல்ல, வித்தியாசம் வந்தா வெட்டு. கேபிளுக்குன்னு ஒரு குணம் உண்டு. அது தானே கொஞ்சம் சார்ஜிங் கரண்ட் குடிக்கும், அதுக்கு மட்டும் செட்டிங்ல இடம் விடணும். இன்னொண்ணு, மேல போற லைன்ல மரக்கிளை பட்டு வர்ற பழுது பல நேரம் தானா விலகிடும், அதனால மறுபடி சார்ஜ் பண்ணிப் பார்ப்பாங்க. பூமிக்குள்ள இருக்கிற கேபிள்ல இன்சுலேஷன் போனா போனதுதான். திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணினா சேதம்தான் கூடும்.

இதே 1904 யோசனை உங்க வீட்டு மெயின் போர்டுலயும் இருக்கணும். அதுதான் ஆர்சிசிபி. ஃபேஸ்ல போனது நியூட்ரல்ல திரும்புச்சான்னு பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா வெட்டிடும். எம்சிபி இதைச் செய்யாது. ஒரு மனுஷ உடம்பு வழியா 150 மில்லி ஆம்பியர் போனா உயிர் போகப் போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு 40 வாட் பல்பை விடக் கம்மியான லோடு. ஒரு எச்சரிக்கை, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டா ஆர்சிசிபிக்கும் தெரியாது, நீங்க அதுக்கு ஒரு லோடுதான்.

இங்கதான் எனக்கு நிஜமான பயம். இன்வெர்ட்டர் போடும்போது நியூட்ரலைக் கலந்து விட்டுடுவாங்க, இல்ல கீசர் லேசா கசியும். ஆர்சிசிபி அடிக்கடி விழும். "தொல்லைப்பா, அதை பைபாஸ் பண்ணிடு." அஞ்சு நிமிஷ வேலை. நம்ம பக்கம் வீட்டு முன்னறையிலயே தையல் மெஷின் ஓடுது, சத்திரப்பட்டியில வீட்டை ஒட்டியே தறி ஓடுது. அங்க பைபாஸ் பண்ணினது தொல்லையை இல்ல, காவலை. விழுதுன்னா காரணத்தைத் தேடச் சொல்லுங்க. அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மூணு மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா மாத்துங்க.

ரோட்டுல கம்பி கிடந்தா குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, மத்தவங்களையும் நிறுத்துங்க. குச்சி, கயிறு எதுவும் வேண்டாம். மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிடுங்க. "லைட் அணைஞ்சிருக்கே, கரண்ட் போயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபீடர் விழுந்ததுன்னு சப்-ஸ்டேஷன்ல மறுபடி போட்டுப் பார்க்க வாய்ப்பு இருக்கு. அந்த நிமிஷம் செத்த கம்பிக்கு உயிர் வந்துடும். லைன்மேன் வந்து ஆஃப் பண்ணி, எர்த் போட்டு, "சரி"ன்னு சொல்ற வரைக்கும் அது உயிருள்ள கம்பிதான்.

அடுத்த தடவை டீக்கடையில அந்தக் கேள்வி வந்தா, இந்தக் கணக்கைச் சொல்லுங்க. வீட்டுக்குப் போன உடனே முதல்ல அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.