இருபது ஆண்டுக்கு ஒரு தாள்

 

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதானாலும் சலிக்காமல் எழுதச் சொல்கிறது. கடைக் கணக்கை நாம் காசு விடாமல் எழுதுகிறோம், ஜிஎஸ்டி இருக்கிறதே! ஆனால், இருபது ஆண்டு கழித்து இந்தக் கடை யாருக்காக, எதற்காக நடக்கவேண்டும் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

பாலிடெக்னிக்கில் ஐந்தாண்டு வணிகத் திட்டம் போடப் பழகினோம். அதில் மறுமைக்குக் கட்டம் இல்லை. ஆகவே இளம் வியாபாரிகள் சிலர் சென்ற ரமலானில் கூடி, ஆளுக்கொரு தாள் எழுதினோம். வட்டிக் கடன் வாங்கிக் கடையை விரிப்பதில்லை. ஜகாத்துக்கு ஹிஜ்ரி ஆண்டில் ஒரு நாள் குறித்து, அன்று கைவசமுள்ள சரக்கு, ரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கணக்கிட்டு இரண்டரை சதவீதம். ஊழியர் சம்பளம் நாள் தவறாமல்.

இவ்வளவும் மளமளவென்று எழுதியாயிற்று. பேனா நின்றது, நமக்குப் பிறகு கடை என்னாகும் என்ற இடத்தில். வாரிசுகளின் பங்கு ஃபராயிள் வகுத்தது; நாம் மாற்ற முடியாது. வசிய்யத் எழுத மூன்றில் ஒரு பங்கு வரைதான் இடமுண்டு. அதிலிருந்து வக்ஃபுக்கு எவ்வளவு? யாரும் வாய் திறக்கவில்லை.

சூலியா வியாபாரிகள் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவியபோது, ராஃபிள்ஸ் இங்கு வந்திறங்கி ஏழாண்டுதான் ஆகியிருந்தது. கையில் பெரிதாகச் சேர்ந்த பிறகு கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அங்கேதான் இன்று நாம் ஜும்ஆ தொழுகிறோம்.

எங்களில் சிலருடைய தாளில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது. வீட்டில் மனைவி மக்களோடு பேசிவிட்டு எழுதுவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.